பாலாற்றங்கரைக் கிணறுகளும் ஒப்புதல் படிவத்தின் ஒரு வரியும்: ஓர் ஆய்வுத் தரவுத் திட்டம் உருவான நிகழ்வு ஆய்வு

2017 கோடையில் பாலாற்றின் இரு கரைகளிலும் பல கிணறுகளில் அடிமண் தெரிந்தது. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்திருந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் வாணியம்பாடியிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஊர் ஊராகப் போய், கிணற்று நீரின் உப்புத்தன்மையையும், தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் உலோகமான குரோமியத்தையும் அளந்து, அந்தக் கிணறுகளை நம்பியிருந்த உழவர் குடும்பங்களிடம் வினாப்பட்டியலும் நிரப்பிய முனைவர் பட்ட ஆய்வு ஒன்று எங்கள் கல்லூரியில் நடந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போன பிறகு, அதே கிணறுகளை மறுபடி அளந்து வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இடையில் என்ன மாறியது என்று பார்க்க அதே துறையில் இன்னொரு குழு முன்வந்தது. முதல் ஆய்வின் தரவு வேண்டும் என்று அவர்கள் நூலகத்துக்கு வந்தார்கள். அங்கே ஆய்வேடுகளையும் அவை தொடர்பான கோப்புகளையும் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால், இந்தக் கதையில் நானும் ஒரு பாத்திரமானேன். கல்லூரி, ஆய்வாளர், நெறியாளர், ஊர்க்காரர்கள் ஆகியோரின் பெயர்களை விட்டிருக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் கிணற்று நீர் அளவு என்பது ஆய்வேட்டோடு முடிகிற செய்தி அன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டுக்காகச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். நான் அதை அதில் வரும் எண்களுக்காகப் படிப்பதுண்டு. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்று வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதும், திண்டுக்கல் பக்கம் தன்னார்வ அமைப்பு ஒன்று பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. யாரோ வாளியும் புட்டியுமாகக் கிணற்றடியில் நின்று எடுத்த அளவுகள்தாம் அங்கே சாட்சியாக நின்றன. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. ஆனால் எந்தக் கிணறு, எந்த மாதம், எந்தக் கருவி என்பதைத் தொகை எண் ஒருநாளும் சொல்லாது. அதைக் கேட்டால் மூலத் தாளுக்குத்தான் போக வேண்டும்.

இந்த வட்டாரம் அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு மறு ஆய்வோடு இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் ஒன்று அன்றைய வட ஆர்க்காட்டின் தூசி. அவ்வூரைப் பின்வந்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு 1973–74இல் இம்மாவட்டத்தின் 11 ஊர்களில் பசுமைப் புரட்சியின் விளைவை ஆராய்ந்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 1982 முதல் 1984 வரை அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தன. முந்தையவர் விட்டுச் சென்ற தாள் பிந்தையவர் கையில் படிக்கும் நிலையில் இருந்தால் மட்டுமே மறு ஆய்வு என்பது நடக்கும். எங்கள் துறையின் முதல் ஆய்வுக்கும் இரண்டாம் ஆய்வுக்கும் இடையில் சில ஆண்டுகளே. தாள் அதற்குள் படிக்க முடியாததாகிவிட்டிருந்தது.

கிடைத்தது என்ன

நெறியாளர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் அறையின் கணினி கழிவுப் பொருளாக ஏலத்தில் போயிருந்தது. ஆய்வாளரான அம்மையார் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கேட்ட உடனே தம் பழைய பென்டிரைவை அஞ்சலில் அனுப்பி வைத்தார். அதில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் கரெக்டட் 2’ என்று மூன்று எக்செல் கோப்புகள் இருந்தன. மூன்றிலும் எண்கள் ஒன்றுபோல் இல்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பு அட்டவணையோடு ஒப்பிட்டபோது பெரும்பகுதி இரண்டாவது கோப்போடும், குரோமியப் பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) மட்டும் மூன்றாவதோடும் பொருந்தியது.

முதலில் தேதியில் சறுக்கினோம். களக் குறிப்பேட்டில் நாள், மாதம், ஆண்டு என்று நம் வழக்கப்படி எழுதியதைத் தட்டச்சு செய்த கணினி, அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 13ஆம் நாளும் அதற்குப் பிந்தியவையும் மாதமாக இருக்க முடியாது என்பதால் எக்செல் அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. 12 வரையிலான நாள்களை மட்டும் சத்தமில்லாமல் புரட்டிவிட்டது. ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றதைப் பார்த்துத்தான் இது பிடிபட்டது. பத்தியின் எல்லாத் தேதிகளும் புரண்டவையா, சில பின்னர் கையால் திருத்தப்பட்டவையா என்பது தெரியவில்லை. வறட்சி ஆண்டில் ஏப்ரல் நீர்மட்டத்துக்கும் ஜூன் நீர்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடே ஒரு முடிவைப் புரட்டிப் போடப் போதுமானது.

அதைவிட மோசமான சிக்கல் ‘உப்பு’ என்று தலைப்பிட்ட பத்தியில் இருந்தது. கையடக்கக் கருவிகள் நீரில் கரைந்த திடப்பொருளை, அதாவது உப்புகளை, நேராக அளப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கித் திரையில் காட்டுகின்றன. அந்தக் காரணி கருவிக்குக் கருவி 0.5 என்றும் 0.64 என்றும் 0.7 என்றும் மாறும். நான் தொலைபேசியில் கேட்டபோது ஆய்வாளர் சொன்னார்: “சார், மீட்டர் ரெண்டு இருந்துச்சு. மொத மீட்டர் பாதியிலேயே கெட்டுப்போச்சு, அப்புறம் வேற ஒண்ணு வாங்கினோம். எந்த ஊர்ல இருந்து புதுசுன்னு நோட்ல எழுதியிருப்பேன்.” அந்த நோட்டு கிடைக்கவில்லை. ஆகவே ஒரு பத்தியில் சில எண்கள் மின்கடத்துதிறன், சில எண்கள் ஏதோ ஒரு காரணியால் பெருக்கப்பட்ட திடப்பொருள் அளவு. 1,900 என்ற எண் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆய்வகம் ‘பி.டி.எல்’ என்று, அதாவது கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று, குறித்த குரோமிய அளவுகள் கோப்பில் பூஜ்யமாக மாறியிருந்தன. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமாக இருக்கும்போது, ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை அதற்கு மேலா கீழா என்பது தெரியாமல் அந்தப் பூஜ்யத்துக்குப் பொருளே இல்லை. நீர்மட்டத்தைக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து அளந்தார்களா தரையிலிருந்து அளந்தார்களா என்ற குறிப்பு இல்லை. உழவர்களின் பேட்டிகள் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தன. யூனிகோடுக்கு மாற்றியபோது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிய சொற்களை நான் ஒரு வாரம் கையால் திருத்தினேன். மாவட்டப் பத்தியில் எல்லா ஊர்களும் ‘வேலூர்’ என்று இருந்தன. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடும் வாலாஜாவும் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. புதூர் என்ற பெயரில் இங்கே எத்தனை ஊர் என்று இவ்வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு வரி

இவ்வளவும் உழைத்தால் சரிசெய்யக்கூடியவை. உழைத்தாலும் சரிசெய்ய முடியாதது ஒப்புதல் படிவத்தில் இருந்தது. உழவர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிய அந்தப் படிவத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி: “இத்தகவல்கள் இந்த ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும், வேறு எவருக்கும் தரப்படமாட்டாது.” யாரும் யோசித்து எழுதிய வரி அன்று, துறையில் ஆண்டுக்கணக்காகப் படியெடுத்துப் படியெடுத்து வந்த மாதிரிப் படிவத்தின் வரி. அதன்படி, அதே துறையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் குழுவும் ‘வேறு எவர்’தான்.

இதைத் துறைக் கூட்டத்தில் நான் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். கைநாட்டு வைத்தவர் அந்த வரியைப் படித்திருக்கவா போகிறார், அது சடங்குக்காக எழுதியது என்றார் ஒருவர். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் விலக்குத் தருகிறதே என்றார் இன்னொருவர். சட்டம் விலக்குத் தருவது உண்மைதான். அது தனிமனிதரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத வரையிலும், வகுக்கப்பட்ட தரங்களுக்கு உட்பட்டும் தரும் விலக்கு. நாமே எழுதிக்கொடுத்த வாக்கை அது அழிக்காது என்பதே என் வாதம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி வாங்கிய கைநாட்டுக்கு, படித்தவர் கையெழுத்தைவிட நாம் கூடுதலாகக் கட்டுப்பட்டவர்கள் என்பது என் எண்ணம்.

நீண்ட பேச்சுக்குப் பின் எடுத்த முடிவு இது: இரண்டாம் குழு எப்படியும் அதே கிணறுகளுக்குப் போகிறது, முதல் ஆய்வின் ஆய்வாளரும் உடன் போய், பழைய தகவலைப் புதிய குழு பயன்படுத்தலாமா என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் புதிதாகக் கேட்பார். இசைந்தவர்களின் தகவல் மட்டும் கைமாறும். ஊரைவிட்டுப் போனவர், இறந்தவர், மறுத்தவர் ஆகியோரின் தாள்கள் மூடியே இருக்கும். அதனால் ஒப்பீட்டுக்குக் கிடைக்கும் கிணறுகள் குறைந்தன.

முதல் புட்டிக்கு முன்

இரண்டாம் ஆய்வின் தரவை எப்படி எடுப்பது, காப்பது, பகிர்வது என்ற திட்டத்தை முதல் நீர்ப் புட்டி நிரம்புவதற்கு முன்பே எழுதி முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நிதி தந்த அமைப்பு அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 ஜனவரி முதல் ஒவ்வொரு நிதி விண்ணப்பத்தோடும் இப்படியொரு தரவு மேலாண்மைத் திட்டம் கேட்டு வருகிறது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை அரசுத் துறைகளின் தரவைப் பற்றியது. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட, ஆய்வு எவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்னும் திறந்த அணுக்கக் கொள்கை பெரும்பாலும் கட்டுரைகளைப் பற்றியது. கேட்பவர் இல்லாத இடத்தில் எழுதும் திட்டத்துக்கு ஒரு வசதி உண்டு: விண்ணப்பத்தை அலங்கரிப்பதற்காக அதில் எதையும் எழுத வேண்டியதில்லை.

நான்கு பக்கத்தில் முடித்தோம். தேதி, ஆண்டு–மாதம்–நாள் என்ற வரிசையில் மட்டும், கணித்த எண்ணை எழுதாமல் கருவி காட்டிய மின்கடத்துதிறனை அலகோடு எழுதுதல், கருவியின் வரிசை எண்ணுக்குத் தனிப் பத்தி, பி.டி.எல் என்றால் பூஜ்யம் போடாமல் அப்படியே விட்டு, கண்டறியும் எல்லையைப் பக்கத்தில் குறித்தல். ஊருக்குப் பெயரோடு மத்திய அரசின் உள்ளாட்சி அடைவுக் குறியீடு, அதாவது ஒவ்வோர் ஊருக்கும் உரிய தனி எண். தமிழ் முழுவதும் யூனிகோடில். கோப்புக்கு மூன்று படிகள் (நகல்கள்), அவற்றில் ஒன்று கல்லூரிக்கு வெளியே. ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்ற விளக்கத் தாள் தரவுக் கோப்போடு ஒரே உறையில். இவை தரவுப் பயிற்சி எதிலும் சொல்லப்படும் செய்திகள்தாம். 2017 கோப்புகளோடு மல்லுக்கட்டியதால் எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது.

நேரம் முழுவதையும் தின்றது பகிர்வுப் பகுதி. ஜி.பி.எஸ் கருவி தரும் ஐந்து தசம இடங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியத்தில் கிணற்றைக் காட்டும். அதை வெளியிட்டால் சொந்தக்காரர் பெயரை மறைப்பதில் பொருளில்லை. இரண்டு தசம இடங்களாகச் சுருக்கினால் ஒரு கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் கிணறு கரைந்துவிடும். ஆனால் ஆற்றிலிருந்தும் டேனரியிலிருந்தும் எவ்வளவு தூரம் என்ற, ஆய்வின் உயிரான செய்தியும் சேர்ந்து கரையும். தூரத்தை முன்பே கணக்கிட்டுத் தனிப் பத்தியாகத் தரலாம் என்றோம். உடனே குழுவில் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் மறுத்தார்: தம் ஊரில் டேனரிக்கு 300 மீட்டருக்குள் இருப்பது ஒரே கிணறு, ஊர்ப் பெயரும் தூரமும் சேர்ந்தால் அது யாருடையது என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள் என்றார். முடிவில் தூரத்தை அகலமான வகுப்புகளாக்கி, வெளியிடும் கோப்பில் ஊருக்குப் பதில் ஒன்றியத்தின் பெயரை மட்டும் வைத்தோம்.

மறைப்பதுதான் எல்லோருக்கும் வேண்டியது என்று நாங்கள் நினைத்திருந்ததை முன்னோட்டப் பயணமே உடைத்தது. ஒரு ஊரில் நிலத்தின் சொந்தக்காரர், “தண்ணி கெட்டுப்போச்சுன்னு நீங்க எழுதிப் போட்டா, நாளைக்கு இந்த நிலத்தை எவன் வாங்குவான்? பொண்ணு கல்யாணத்துக்கு இதைத்தான் நம்பியிருக்கேன்” என்றார். அடுத்த ஊரில் இன்னொருவர் நேர்மாறாக, “எம் பேரு, சர்வே நம்பரு எல்லாத்தையும் போடுங்க சார். நஷ்டஈடு லிஸ்ட்ல எங்கப்பா பேரு விட்டுப்போச்சு” என்றார். ஆகவே புதிய ஒப்புதல் படிவத்தில் ஒற்றை வரிக்குப் பதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் வைத்தோம்: நீர் அளவை ஊர் தெரியாமல் வெளியிடலாமா, குடும்பத் தகவலைப் பெயர் நீக்கி வேறு ஆய்வாளருக்குத் தரலாமா, உங்கள் பெயரோடும் இடத்தோடும் வெளியிட விரும்புகிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. மூன்றாவது கேள்வியை நெறிமுறைக் குழு இலேசில் ஏற்கவில்லை. பெயரை வெளியிடுவோர் பிறகு மனம் மாறினால் இணையத்தில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்ற அவர்கள் கவலை நியாயமானது. அதனால் பெயரோடு வெளியிடுவதைக் கைவிட்டு, கேட்பவருக்குத் துறை முத்திரையோடு அளவுச் சான்று தருவது என்று மாற்றினோம்.

நீர் அளவுக் கோப்பை செனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் வைத்தோம். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் 2013 முதல் நடத்தும் அது கட்டணம் கேட்பதில்லை, ஒரு பதிவுக்கு 50 ஜி.பி வரை ஏற்கிறது, கோப்பை என்றும் அடையாளம் காட்டும் நிலையான டி.ஓ.ஐ எண்ணும் தருகிறது. கல்லூரிச் சர்வரிலேயே வைக்கலாம் என்ற யோசனையை நான்தான் எதிர்த்தேன். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த ஆண்டு எங்கள் இணையதளம் என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தவன். பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வரை கோப்பைத் திறக்க முடியாத தடைக்காலம். குடும்பத் தகவல் துறையிலேயே, கேட்டு வருவோருக்கு ஒப்பந்தத்தின் பேரில் மட்டும்.

திட்டம் கைவிட்ட இடங்கள்

மூன்றாவது படி இருக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க் துறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த ஊழியர் நீண்ட விடுப்பில் போனதால் மூன்று மாதம் அதில் எதுவும் ஏறவில்லை. திட்டத்தில் ‘யார்’ பொறுப்பு என்ற பத்தியில் ஆளின் பெயரை எழுதியிருந்தோமே தவிர, அவர் இல்லாதபோது யார் என்று எழுதவில்லை. கிணற்று எண்ணிலும் கோளாறு வந்தது. ஒரு திறந்த கிணற்றை மூடிவிட்டுப் பக்கத்திலேயே போர் போட்டிருந்தார்கள். களத்துக்குப் போனவர் அதற்கும் பழைய எண்ணையே கொடுத்துவிட்டார். இரண்டுக்கும் ஆழமும் நீரும் முற்றிலும் வேறு. அந்த எண்ணில் 2017க்கும் இப்போதைக்கும் இடையே உப்பு வெகுவாகக் குறைந்ததாகக் கோப்பு காட்டியது, வெள்ளம் கிணற்றைக் கழுவிவிட்டது என்று குழுவினர் ஒரு விளக்கமே எழுதிவிட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் கிணறு இருந்த இடத்தில் மோட்டார்க் கொட்டகை நின்றது. எண் கிணற்றுக்கு உரியது, இடத்துக்கு உரியது அன்று என்ற விதி திட்டத்தின் இரண்டாம் பதிப்பில்தான் ஏறியது.

இன்னொன்றையும் நாங்கள் எழுத மறந்திருந்தோம். அளந்த கணக்கைக் கிணற்றுக்காரரிடம் சொல்வது பற்றி நான்கு பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஊரில் முதலில் கேட்கப்பட்ட கேள்வியோ அதுதான்.

மறு ஒப்புதல் கேட்டுப் பள்ளிகொண்டாவுக்கு மேற்கே ஒரு வீட்டுக்குப் போனபோது, வீட்டுப் பெரியவர் ஆய்வாளரை அடையாளம் கண்டுகொண்டு, “நீதானம்மா அன்னிக்கு எழுதிக் குடுத்துட்டுப் போன?” என்று கேட்டபடி உள்ளே போனார். சிட்டாவும் ரேஷன் கார்டும் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து, நான்காக மடித்த கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து வந்தார். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அன்று அவர் கேட்டதற்காக, ஆய்வாளர் தம் நோட்டிலிருந்து கிழித்து எழுதிக்கொடுத்த சீட்டு. எழுதியதே அவருக்கு நினைவில்லை. ‘ஏப்ரல் 6, 2017’ என்று மாதத்தை எழுத்தால் குறித்து, அதன் கீழே மின்கடத்துதிறன் 2,840 மைக்ரோசீமென்ஸ், திடப்பொருள் 1,420, ‘புது மீட்டர்’ என்று இருந்தது. கோப்பில் அதே கிணற்றுக்கு ஜூன் 4 என்ற தேதியும் 1,420 என்ற ஒற்றை எண்ணும் மட்டும் இருந்தன. புதுக் கருவியின் காரணி 0.5 என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. நாங்கள் ஊகித்து வைத்திருந்த 0.64ஐக் கொண்டு திருப்பிக் கணக்கிட்டிருந்தால் 2,219 என்று தவறாக எழுதியிருப்போம். அந்த நாளின் தேதிகள் புரண்டவை என்பதும் உறுதியாயிற்று. பிறகு போன ஊர்களிலெல்லாம் பழைய சீட்டு இருக்கிறதா என்று கேட்டோம். இன்னும் சில வீடுகளில் கிடைத்தன, ஒன்று காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. அவற்றைக் கொண்டு எந்த ஊரிலிருந்து புதுக் கருவி என்பதை அடைத்தோம்.

பெரியவர் அந்தச் சீட்டைத் தர மறுத்துவிட்டார். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இப்போதைய திட்டத்தின் மூன்றாம் பதிப்பில், அளவெடுத்த அன்றே தேதியும் அலகும் கருவி எண்ணும் தமிழில் எழுதிக் கிணற்றுக்காரரிடம் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது படிகளைப் பற்றிய பகுதியில், நான்காவது படியாக இடம்பெற்றிருக்கிறது.